மாறுகொளக் கூறலும் உய்த்துணர வைப்பும்: தமிழ் அறிவியல் புனைவுத் தொடர்களில் கதைத் தருக்கம் பற்றிய ரசிகர் விவாதங்கள்

ஆய்வுச்சுருக்கம்

அறிவியல் புனைவுத் தொடர்களின் ரசிகர்கள் கதைத் தருக்கத்தையும் நுண்விவரங்களையும் முன்வைத்து நடத்தும் விவாதங்கள் பெரும்பாலும் வெறும் குறைகாணலாகவே மதிப்பிடப்படுகின்றன. அவ்விவாதங்களுக்குள் முறையான திறனாய்வு அளவுகோல் ஒன்று செயல்படுகிறது என்பதும், அதை விளக்கத் தமிழிலக்கண மரபு ஏற்கெனவே கலைச்சொற்களை வழங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். நன்னூல் கூறும் நூற்குற்றங்களையும் உத்திகளையும் அடிப்படையாகக் கொண்டு, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய நாவல்களும் 'இன்று நேற்று நாளை', 'எந்திரன்', '2.0' ஆகிய திரைப்படங்களும் ஆராயப்படுகின்றன. தொடரின் எல்லையை வரையறுக்கும் சிக்கலுக்குக் கிளியனூர்ப் பதிகம் ஒப்புமையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, கதைத் தருக்கம், நன்னூல், சுஜாதா, ஜீனோ, எந்திரன், கிளியனூர்

முன்னுரை

ஒரு கதையில் 'லாஜிக் ஓட்டை' இருக்கிறது என்று ரசிகர் ஒருவர் சொல்லும்போது இரண்டு எதிர்வினைகள் எழுவது வழக்கம். கதையைக் கதையாகப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. அந்த ஓட்டையை அடைக்கும் விளக்கத்தைத் தேடித் தருவது மற்றொன்று. முதல் எதிர்வினை கேள்வியைத் தள்ளிவிடுகிறது. இரண்டாவது, கேள்வியை ஏற்றுக்கொண்டு படைப்பாளியின் சார்பில் விடை கூறுகிறது. மற்ற புனைவு வகைகளைக் காட்டிலும் அறிவியல் புனைவில் இவ்விவாதம் கடுமையாக நடப்பதற்குக் காரணம் உண்டு. பேய்க்கதை அச்சத்தையும் புராணம் பக்தியையும் துணைக்கொள்ள, அறிவியல் புனைவு காரண காரியத் தொடர்பைத் துணைக்கொள்கிறது. 'இது இவ்வாறு இயங்கும்' என்று வாக்களித்துவிட்டே அது கதையைத் தொடங்குகிறது. அவ்வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று வாசகர் கேட்பது அந்த வகைமையே அவருக்கு அளித்த உரிமை.

அவ்வுரிமையைப் பயன்படுத்தும் கேள்விகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. கதைக்கு வெளியே உள்ள அறிவியல் உண்மையைக் கொண்டு கதையைச் சோதிக்கும் கேள்வியும், கதை தானே வகுத்த விதியைக் கொண்டு சோதிக்கும் கேள்வியும் வேறுவேறு. எது திறனாய்வுக்குப் பயன்படும் கேள்வி, எது பயன்படாதது என்று பகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கேள்வி கேட்கும் வாசகர்

தொடர்கதை வாசகர் எழுத்தாளரிடம் விளக்கம் கேட்பது தமிழ் இதழியலில் புதிதன்று. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' நிறைவுற்றபோது, கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று வாசகர் கேட்ட கேள்விகளுக்குக் கல்கி முடிவுரையில் விடையளித்தார். வரலாற்றுப் புனைவில் கேட்கப்பட்டது 'பிறகு என்ன?' என்ற கேள்வி. அறிவியல் புனைவு அதனுடன் 'எப்படி?' என்பதையும் சேர்த்தது.

இச்சேர்க்கையில் சுஜாதாவின் பங்கு முதன்மையானது. எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய அவர் (1935–2008) பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். ஜூனியர் விகடனில் வெளிவந்த அவருடைய 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதி, வாசகரின் அறிவியல் ஐயங்களுக்கு விடையளித்தது. ஒருபுறம் அறிவியல் புனைவு எழுதியவரே மறுபுறம் அறிவியல் வினாக்களுக்கு விடை கூறியதால், அவருடைய கதைகளையும் அதே வினாக்களால் சோதிக்கும் வாசகர் கூட்டம் உருவானது இயல்பே. ரசிகரின் துருவும் பழக்கத்தை வளர்த்ததில் எழுத்தாளருக்கே பங்குண்டு.

உலக அளவிலும் இதற்கு இணைகள் உள்ளன. ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில், டாக்டர் வாட்சனின் போர்க்காயம் ஒரு நாவலில் தோளிலும் மற்றொன்றில் காலிலும் இருப்பதாகக் கூறப்படும். இத்தகைய முரண்களை மறைநூல் ஆராய்ச்சியின் தோரணையில், வேடிக்கையும் ஈடுபாடுமாக ஆராயும் போக்குக்கு ரொனால்ட் நாக்ஸ் 1911ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை வழிவகுத்தது. லாரி நிவன் 1970இல் வெளியிட்ட 'ரிங்வேர்ல்ட்' நாவலில், விண்மீன் ஒன்றைச் சுற்றி வளையமாக அமைந்த மாபெரும் உலகம் இடம்பெறுகிறது. அவ்வளையம் நிலையாக இருக்க இயலாது, விண்மீன்மீது சரிந்துவிடும் என்று 1971இல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில் மாணவர்கள் முழக்கமிட்டனர். நிவன் பின்னர் எழுதிய தொடர்நாவல் அந்த நிலையின்மையையே கதைச் சிக்கலாக எடுத்துக்கொண்டது. வாசகரின் குற்றச்சாட்டு அடுத்த நாவலுக்குக் கருவாயிற்று.

2. நன்னூல் தரும் அளவுகோல்

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் முப்பத்திரண்டு உத்திகளையும் வகுக்கிறது. அவை இலக்கண நூல்களையும் சாத்திர நூல்களையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை, கதைக்கு உரியவையல்ல. எனினும், விதிகளை முன்வைத்து அவற்றின்வழி பொருளை நிறுவும் எந்த எழுத்துக்கும் அவை பொருந்தக்கூடியவை. தனக்கென ஓர் உலகையும் அதற்கான விதிகளையும் படைக்கும் அறிவியல் புனைவு, இவ்வகையில் சாத்திர நூலுக்கு அண்மையில் நிற்கிறது.

இவ்வாய்வுக்கு மூன்று குற்றங்களும் மூன்று உத்திகளும் பயன்படுகின்றன. 'குன்றக் கூறல்' என்பது பொருள் விளங்குவதற்கு வேண்டியதைக் குறையச் சொல்லுதல். 'மாறுகொளக் கூறல்' என்பது முன் சொன்னதற்கு முரணாகச் சொல்லுதல். 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது தொடக்கத்தில் இருந்த செறிவு போகப்போகக் குன்றி முடிதல். உத்திகளுள் 'உரைத்தும் என்றல்' பின்னர்ச் சொல்லவிருப்பதை முன்னரே குறிப்பது. 'உரைத்தாம் என்றல்' முன்பு சொன்னதை நினைவூட்டுவது. 'உய்த்துணர வைப்பு' வெளிப்படச் சொல்லாமல், சொன்னவற்றைக் கொண்டு வாசகரே ஊகித்து அறியும்படி அமைப்பது.

இவற்றுள் குன்றக் கூறலும் உய்த்துணர வைப்பும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஏதோ ஒன்று சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது. ஒன்று குற்றம், மற்றொன்று உத்தி. ரசிகர் விவாதங்களுள் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையைப் பற்றியதே. விடுபட்டதை நிரப்புவதற்கான சான்றுகள் படைப்பினுள்ளேயே கிடைக்குமாயின் அது உய்த்துணர வைப்பு. ரசிகர் தம் கற்பனையிலிருந்து புதிய செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தாலன்றி நிரம்பாதெனின் அது குன்றக் கூறல். இக்கட்டுரை பின்வரும் பகுதிகளில் இவ்வளவுகோலையே கையாள்கிறது.

3. விதியை அறிவித்தல்: 'இன்று நேற்று நாளை'

ஆர். ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' (2015) திரைப்படத்தில், 2065இல் உருவாக்கப்பட்ட காலப்பயணக் கருவி ஒன்று 2015க்கு அனுப்பப்பட்டு, வேலையில்லாத இளைஞன் ஒருவனிடமும் அவனுடைய சோதிடர் நண்பனிடமும் சிக்குகிறது. தொலைந்த பொருள்களைக் கண்டுபிடித்துத் தரும் சோதிடத் தொழிலுக்கு அவர்கள் அக்கருவியைப் பயன்படுத்துகின்றனர். நகைச்சுவைக்காகவே அமைந்ததாகத் தோன்றும் இப்பகுதி கதைத் தருக்கத்தின் அடித்தளம். கருவி எப்படி இயங்கும், கடந்த காலத்துக்குச் சென்றவர் எப்படித் திரும்பி வருவார் என்ற விதிகளைப் பார்வையாளர் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்கிறார். இது 'உரைத்தும் என்றல்' உத்தியின் நல்ல எடுத்துக்காட்டு.

காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருக்க வேண்டிய குழந்தைவேலு என்னும் ரவுடி, அவ்விருவரின் குறுக்கீட்டால் உயிர் பிழைத்து, மாறிப்போன நிகழ்காலத்தில் அவர்களையே அச்சுறுத்துகிறான். அப்போது பார்வையாளர் புதிய விதி எதையும் ஏற்க வேண்டியதில்லை. முன்பே அறிந்த விதியின் விளைவைத்தான் காண்கிறார். காலப்பயணம் இயற்பியலில் இயலுமா என்ற கேள்வியைப் பெரும்பாலான ரசிகர்கள் இப்படத்தின்மீது சுமத்தாமைக்குக் காரணம் இதுவே. கதை கேட்டுப்பெற்ற சலுகை ஒன்றுதான்: கருவி இயங்கும் என்பது. அதன்பின் நிகழ்வன அனைத்தும் அச்சலுகையின் கணக்கிலேயே வருகின்றன.

4. 2030ஆம் ஆண்டு: 'எந்திரன்', '2.0'

ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' (2010) விதிகளை அறிவிப்பதில் கவனமான படைப்பு. சிட்டி என்னும் ரோபோ கட்டளையை அறியும், மனித நாணத்தை அறியாது என்பதைத் தீவிபத்துக் காட்சி நிறுவுகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஆடையின்றியே அது காப்பாற்றிக் கொண்டுவர, அவள் அவமானம் தாளாமல் ஓடி வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். இத்தோல்வியே சிட்டிக்கு உணர்ச்சி புகட்டப்படுவதற்குக் காரணமாகிறது. உணர்ச்சி காதலுக்கும், காதல் அழிவுக்கும் காரணமாகின்றன. சிட்டி கொடியதாக மாறுவதற்கும் சிவப்பு சில்லு என்னும் வெளிப்படையான காரணம் காட்டப்படுகிறது. இறுதியில் சிட்டி தன்னைத்தானே பிரித்துப்போட்டுக்கொள்ள, கதை 2030ஆம் ஆண்டுக்குத் தாவுகிறது. அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக இருக்கும் சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே பிரிக்கப்பட்டமைக்குக் காரணம் என்று மாணவி ஒருத்திக்கு விடை கூறுகிறது.

2018இல் வெளிவந்த '2.0' படத்தில் சிட்டி மீண்டும் பொருத்தப்பட்டு இயக்கப்படுகிறது. அப்படியானால் 2030இல் அது அருங்காட்சியகத்தில் இருப்பது எவ்வாறு? முதல் பார்வையில் இது மாறுகொளக் கூறல். ஆனால் ரசிகர் இதற்கு எளிதாக விடை காணலாம். '2.0' நிகழ்ச்சிகள் முடிந்தபின் சிட்டி மறுபடி பிரிக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்கே திரும்பியிருக்கலாம். அவ்வாறு கொண்டால் ஆண்டுக்கணக்கில் முரண் இல்லை. ஆயினும் இவ்விளக்கத்தில் மனநிறைவு ஏற்படுவதில்லை. அதன் காரணத்தைத் தேடும்போதுதான் விவாதம் திறனாய்வாக மாறுகிறது.

அருங்காட்சியகக் காட்சியின் ஆற்றல், அது இறுதி என்பதில் இருக்கிறது. சிந்திக்கும் இயந்திரம் மனித உலகில் வாழ இயலாது என்பது முதற்படத்தின் முடிவு. அம்முடிவை இயந்திரமே ஏற்றுக்கொண்டு பேசுகிறது. நெருக்கடி வந்தால் எடுத்துப் பொருத்தவும் முடிந்தபின் கழற்றி வைக்கவும் கூடிய கருவி என்று அறிந்தபின், அந்த விடையின் கனம் குறைந்துவிடுகிறது. ஆகவே குறை ஆண்டுக்கணக்கில் இல்லை, கருத்தில் இருக்கிறது. நன்னூலார் சொல்லால் கூறின், இது மாறுகொளக் கூறலன்று, சென்று தேய்ந்து இறுதல். 2030 என்ற சிறு விவரத்தைப் பற்றிக்கொண்டு கேள்வி கேட்ட ரசிகர், தொடரின் பெருங்குறையை அதன் வழியாகவே தொட்டுவிடுகிறார்.

5. பிம்பத்தை ஐயுறுதல்: ஜீனோ நாவல்கள்

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த 'என் இனிய இயந்திரா', 2020களின் தொடக்கத்தில் நிகழ்வதாக அமைந்த கதை. குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டிய நாடு அது. கணவன் சிபி காணாமற்போக, நிலா என்னும் இளம்பெண் அவனைத் தேடத் தொடங்குகிறாள். ரவி, மனோ ஆகியோருடனும் ஜீனோ என்னும் இயந்திர நாயுடனும் அவளுக்குத் தொடர்பு ஏற்படுகிறது. மக்கள் போற்றியும் அஞ்சியும் வாழும் ஆட்சியாளரான ஜீவா உயிருள்ள மனிதரல்லர், ஹோலோகிராம் பிம்பம் என்பது கதையின் திருப்பம்.

கதை நிகழும் ஆண்டு உண்மையில் வந்து சென்றபின், நாவலின் கணிப்புகளுள் எவை பலித்தன என்று எண்ணிப்பார்க்கும் வழக்கம் ரசிகரிடையே பெருகியது. இது சுவையான பொழுதுபோக்கே. ஆயினும் கணிப்பு பலித்தமை கதைக்குச் சிறப்பன்று. பலியாமை குற்றமும் அன்று. இயந்திர நாய்கள் இன்று வீடுதோறும் இல்லை என்பதால் ஜீனோவின் பாத்திரப் படைப்பு குன்றிவிடவில்லை.

பொழுதுபோக்குக்கான வளர்ப்புப் பொறி ஒன்றுக்கு அரசையே எதிர்க்கும் அறிவு எவ்வாறு வந்தது என்ற கேள்வி இதனினும் பயனுடையது. ஜீனோ புத்தகங்களைப் படிக்கிறது. தனக்கு இடப்பட்ட நிரலுக்கு அப்பாலும் தானாகவே கற்கிறது. கற்கும் இயந்திரம் என்ற ஒரு சலுகையை வாசகர் அளித்துவிட்டால், அதன் கிண்டலும் துணிவும் அக்கல்வியின் விளைவுகளாகப் பொருந்துகின்றன. விடுபட்டதை நிரப்பும் சான்று நாவலுக்குள்ளேயே இருப்பதால் இது உய்த்துணர வைப்பு.

நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ ஆகிய ஆறு பெயர்களும் ஈரெழுத்துப் பெயர்கள். குடிமக்களுக்கும் ஆட்சியாளருக்கும் இயந்திர நாய்க்கும் பெயரின் அளவில் வேறுபாடு இல்லை. மனிதரை எண்ணாகக் கருதும் ஆட்சியில், பெயரும் பதிவேட்டுக் கட்டத்துக்குள் அடங்கும் அளவினதாகிவிட்டது என்று வாசகர் உய்த்துணர இடமுண்டு. ஒரு நுண்விவரம் கதையின் அரசியலோடு எவ்வாறு பிணைகிறது என்பதற்கு இது சான்று.

ஒரு நாடு முழுவதும் வெறும் பிம்பத்தை ஆட்சியாளராக நம்பியிருக்க இயலுமா என்பதே இந்நாவலின்மீது எழக்கூடிய மிகக் கடினமான வினா. ஒளியியல் நோக்கில் இதை ஆராய்வது கதைக்குப் புறம்பானது. கதை அளிக்கும் சான்றுகளையே பார்க்கலாம். மக்கள் அரசை அனுமதிகளாகவும் ஆணைகளாகவும் மட்டுமே அறிந்தவர்கள். ஆட்சியாளரை நெருங்கிப் பார்ப்பது எவருக்கும் இயல்பாக வாய்ப்பதன்று. அத்தகைய தொலைவே பிம்பத்தை நம்பச் செய்கிறது. ஆகவே இங்கும் விடுபாடு குற்றமாகவில்லை.

நிலா அரசியாகிவிட்ட நிலையில் தொடரும் 'மீண்டும் ஜீனோ' நாவலில் இவ்வினா மற்றொரு வடிவம் பெறுகிறது. ஆட்சிப் பயிற்சி இல்லாத எளிய பெண் எவ்வாறு நாட்டை ஆள்கிறாள்? அவள் ஆளவில்லை என்பதே விடை. அவளை முன்னிறுத்தி ரவியும் மனோவும் ஆள்கின்றனர். ஒளியாலான பிம்பத்தின் இடத்தில் உயிருள்ள பிம்பம் ஒன்று அமர்த்தப்பட்டிருக்கிறது. நிலா ஆட்சிக்கு வந்தது நம்பத்தக்கதாக இல்லை என்று தருக்கக் குறை காணும் வாசகர், அக்கேள்வியைத் தொடர்ந்து சென்றால் நாவலின் மையத்துக்கே வந்துசேர்கிறார்.

இவ்விடத்தில் ரசிகரின் செயலும் கதைமாந்தரின் செயலும் ஒன்றாகின்றன. காட்டப்படுவதை அப்படியே ஏற்காமல், சிறு பொருந்தாமையைப் பற்றிக்கொண்டு கேள்வி கேட்பவர்களால்தான் ஜீவாவின் ஆட்சி குலைகிறது. இந்நாவலை 'கதையைக் கதையாகப் பார்' என்று வாசிக்கச் சொல்வது, ஜீவாவின் குடிமகனைப்போல் வாசிக்கச் சொல்வதாகும். 2014 மக்களவைத் தேர்தலில் ஒரே நேரத்தில் பல ஊர்களில் ஹோலோகிராம் வழியாகப் பரப்புரை நடந்த நாட்டில், அவ்வாசிப்புப் பழக்கத்தின் பயன் கதையோடு முடிந்துவிடுவதில்லை.

6. தொகுதியின் எல்லை: கிளியனூர்ப் பதிகம் தரும் ஒப்புமை

முரண் காண்பதற்கு முன் தீர்க்கப்பட வேண்டிய வினா ஒன்றுண்டு. எவை எவை ஒரே தொடரைச் சேர்ந்தவை? 'எந்திரன்' வசனத்தில் சுஜாதாவின் பங்கு உண்டு. அவர் 2008இல் மறைந்தபின்னரே படம் வெளிவந்தது. '2.0' படத்தின் வசனத்தில் ஜெயமோகன் பங்கேற்றார். 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. நாவலுக்கும் அதன் காட்சி வடிவத்துக்கும் இடையே காணும் வேறுபாட்டை முரண் எனலாமா? எழுத்தாளர் மாறியபின் வந்த பகுதி முன்பகுதியைக் கட்டுப்படுத்துமா? இவை தொகுதியாக்கம் சார்ந்த வினாக்கள்.

தொகுதியாக்கச் சிக்கல் தமிழ் மரபுக்கு நன்கு அறிமுகமானது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உள்ள கிளியனூர், சைவ மரபில் திருக்கிளியன்னவூர் என வழங்கும் தலம். தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 274 என்பது நெடுங்கால வழக்கு. கல்வெட்டிலிருந்து கிடைத்த திருவிடைவாய்ப் பதிகமும் பின்னர்க் கிடைத்த திருக்கிளியன்னவூர்ப் பதிகமும் சேர்க்கப்பட்டபின் அத்தொகை 276 ஆயிற்று. இன்றும் 274 என்போரும் 276 என்போரும் உளர். பழைய தொகையைச் சொல்பவர் கிளியனூரை மறுக்கிறார் என்பதில்லை. எந்தத் தொகுதியை அடிப்படையாகக் கொள்கிறார் என்பதே வேறுபாடு.

வழிபாட்டு மரபையும் கேளிக்கைப் புனைவையும் ஒரே தட்டில் நிறுத்துவது இவ்வொப்புமையின் நோக்கமன்று. அடிப்படைத் தொகுதியை வெளிப்படச் சொல்லாத விவாதம் முடிவு காணாது என்ற பாடம் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. 'எந்திரன்' மட்டுமே முழுமை என்பவருக்கு 2030ஆம் ஆண்டுக் காட்சியில் சிக்கலே இல்லை. இரு படங்களும் ஒரே கதை என்பவருக்கு அது விளக்கம் வேண்டும் இடம். இருவரும் தத்தம் எல்லையைச் சொல்லிவிட்டால், வாதம் எஞ்சும் இடமும் தெளிவாகிவிடும். தேவாரப் பதிப்புகள் பிற்காலத்தில் கிடைத்தவற்றைப் பிற்சேர்க்கை என்று குறித்துச் சேர்த்துக்கொண்ட முறை, புனைவுத் தொடர்களுக்கும் உகந்த நடைமுறையே. பின்வந்த படைப்பைத் தள்ளாமலும், முன்வந்ததன் முடிவை அதனால் அழிக்காமலும் வாசிக்க அது இடம் தருகிறது.

முடிவுரை

கதைத் தருக்கம் பற்றிய ரசிகர் விவாதங்களை ஆராய்ந்ததில் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

கதைக்கு வெளியே உள்ள அறிவியலைக் கொண்டு மட்டும் செய்யப்படும் சோதனை, படைப்பின் தரத்தை அளப்பதற்குப் போதாது. கதை தானே அறிவித்த விதியைக் காத்ததா என்ற சோதனையே திறனாய்வுக்கு உரியது.

சொல்லாமல் விடப்பட்டது குற்றமா உத்தியா என்பதை, அதை நிரப்பும் சான்று படைப்பினுள் உள்ளதா என்பதைக் கொண்டு துணியலாம். நன்னூலின் குன்றக் கூறல், உய்த்துணர வைப்பு என்னும் சொற்கள் இவ்வேறுபாட்டைத் துல்லியமாகக் குறிக்கின்றன. தமிழில் அறிவியல் புனைவுத் திறனாய்வு வளர இக்கலைச்சொற்கள் துணைபுரியும்.

ரசிகர் தரும் சமாதானத்தால் முரண் நீங்கிய பின்னும் மனநிறைவு ஏற்படாதாயின், குறை வேறோரிடத்தில் இருக்கிறது என்று பொருள். '2.0' படத்தின் ஆண்டுக்கணக்கு காட்டுவது இதையே.

ஜீனோ நாவல்களில் நுண்விவரங்களை ஐயுறுவது வாசக உரிமை என்ற நிலையைக் கடந்து கதையின் கருப்பொருளாகவே அமைந்துள்ளது. நிலாவைப்போல் கேட்கும் வாசகரே அக்கதைக்கு வேண்டியவர். அவருடைய கேள்விகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், தொகுத்தும் வகைப்படுத்தியும் ஆராய்வது தமிழாய்வுலகம் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.